நாக்கு மடிக்காத பிலிம்

"இந்தக் காலத்தில் ஏன் இன்னும் பிலிமில் படம் எடுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது. முப்பத்தாறு படம்தான் உண்டு என்று தெரிந்தால் மனிதர் யோசித்து எடுப்பார்கள் என்பேன். எடுத்த கையோடு பார்க்க முடியாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா என்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஒருமுறை பிறந்தநாள் வீடு ஒன்றில் இதை நான் சொல்லி முடிக்க, பக்கத்தில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமி ஒருவர், "அப்ப என்ர மகன்ர கலியாணப் படம் மூண்டு மாசமா வராததும் நிம்மதியோ பிள்ளை?" என்று கேட்டு என் மூக்கை உடைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் போன கிழமை கூட ஒரு ரோல் போட்டேன். வெட்கம் கெட்டவள்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் முப்பது வருடம் காணி உறுதிகளும் மனுக்களும் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றேன். கலியாணம் கட்டவில்லை. இப்போது வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறேன். கமராவை இருபத்திரண்டு வயதில் வாங்கினேன். கப்பலில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய அயல்வீட்டுக்காரர் விற்றது. கோயில் திருநாள், முதல் நன்மை, மரணவீடு என்று எங்கள் சனத்தின் படங்களையெல்லாம் அதிலேதான் எடுத்தேன். டிஜிட்டல் வந்தது, பிறகு போன் வந்தது, எல்லோரும் மாறினார்கள். நான் மாறவில்லை. அக்கா அதைப் பிடிவாதம் என்பாள். உண்மையில் அது பெருமை. பஸ்ஸுக்குள் சனம் போனைத் தூக்கித் தூக்கிப் படம் எடுக்கும்போது, இதுகளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பிலிம்காரருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதியை இங்கே சொல்லத்தான் வேண்டும். புதிய ரோலில், டப்பிக்கு வெளியே பிலிமின் நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை நாக்கு என்போம். கமராவில் ரோலை மாட்டுவது அந்த நாக்கைப் பிடித்துத்தான். படங்கள் முடிந்து திரும்பச் சுற்றினால் நாக்கோடு சேர்ந்து முழுப் பிலிமும் டப்பிக்குள் போய்விடும். நாக்கு வெளியே இருந்தால் புது ரோல், உள்ளே போயிருந்தால் எடுத்து முடிந்த ரோல். ஊருலகத்தில் அதுதான் நடைமுறை. ஆனால் எங்கள் பக்கத்து ஒழுங்கையில் பிலிம் கழுவிக் கொடுக்கும் சிங்கள மனிதருக்கு அது சரிவராது. நாக்கு உள்ளே போய்விட்டால் டப்பியை உடைக்க வேண்டும், உடைத்தால் பிலிமில் கீறல் விழும் என்பார். "மிஸ், சுற்றும்போது காதைக் கிட்ட வையுங்கள். டிக் என்று கேட்டதும் நிறுத்துங்கள், நாக்கு வெளியே நிற்கும்" என்று எனக்குப் பழக்கிவிட்டார். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் செய்தேன். எடுத்த ரோல் என்று அடையாளம் தெரிய, உடனேயே நாக்கின் நுனியை மடித்துவிடுவேன். மடித்தது எடுத்தது, மடிக்காதது புதியது. ஒருநாளும் பிழை வந்ததில்லை.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். கொட்டாஞ்சேனையில் அந்தக் காலத்தில் வடிவான பிள்ளை என்று சொன்னால் அவள்தான். வடிவான பிள்ளையின் தங்கச்சி என்று சொன்னால்தான் என்னைத் தெரியும். ஹெந்தளையில் கலியாணம் கட்டிப் போனாள். அத்தான் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே ஒரு மகள். அவளுக்கு இப்போது முப்பது வயது, துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் வேலை செய்கிறாள். அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு நான் கிழமைக்கு மூன்று தரம் பஸ் ஏறி ஹெந்தளைக்குப் போய் வந்தேன்.

மருந்து ஏற்றத் தொடங்கி தலைமயிர் எல்லாம் கொட்டிய நேரம், எங்கள் சித்தப்பா மகள் ஒருத்தி அப்பிள் பையோடு பார்க்க வந்தாள். போகும்போது, "ஒரு படம் எடுக்கிறன் அக்கா, செபம் சொல்லேக்க முகத்தைப் பார்த்துச் சொல்லலாம்" என்று போனை நீட்டினாள். அக்கா மறுப்பதற்குள் எடுத்துவிட்டாள். அவள் பஸ் ஏறியிருக்க மாட்டாள், படம் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. "ஐயோ, ஆளை அடையாளமே தெரியேல்ல" என்று ஒருத்தி. "எப்பிடி இருந்தவ" என்று இன்னொருத்தி. பாவிகள், அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதை ஒருத்தரும் நினைக்கவில்லை. அக்கா ஒவ்வொன்றாக வாசித்து முடித்துவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தாள். "நான் இன்னும் சாகேல்ல எண்டு ஆராவது அதுகளுக்குச் சொல்லுங்கோடி" என்றாள். அதன் பிறகு தன் அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த என்னைவிட நல்ல ஆள் கிடைத்திருக்க முடியாது. எத்தனை வருடம் போன்களின் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் அது! வந்தவர்களின் போன்களை வாசலிலேயே வாங்கி மேசையில் அடுக்கினேன். ஒருநாள் குசினிக்குள் போனேன். அக்காவின் மகள் அடுப்படியில் நின்று தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மறைக்கப் பார்த்தாள். பறித்துப் பார்த்தேன். அக்கா கையில் செபமாலையோடு வாய் திறந்து தூங்குகிறாள். அக்கா கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு எதற்கோ சிரிக்கிறாள். ஆறோ ஏழோ படங்கள்.

"என்னடி இது? அம்மா என்ன சொன்னவ?"

"எனக்கு மட்டும்தான் சித்தி. ஒருத்தருக்கும் அனுப்ப மாட்டன். சத்தியமா."

"இண்டைக்கு அப்பிடித்தான் சொல்லுவாய். நாளைக்கு ஆராவது கேட்டா நீட்டுவாய். அழி."

அழுதுகொண்டே ஒவ்வொன்றாக அழித்தாள். நான் காவல்காரி மாதிரிப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முடிந்தது என்று போனை உள்ளே வைக்கப் போனவளை விட்டேனா? "அழிச்சதுகள் உள்ள ஒரு குப்பைத்தொட்டிக்குள்ள கிடக்கும். அதையும் அழி" என்றேன். எனக்குப் போன் பிடிக்காதே தவிர அதன் சூட்சுமங்கள் தெரியும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதையும் அழித்தாள்.

சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. பின்னேரம் நான் புறப்பட நின்றபோது கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினாள்.

"அவளிட்ட என்னை ஒண்டும் இல்லாமல் விட்டிட்டுப் போகேலாது" என்றாள். "உன்ர பழைய கமராவைக் கொண்டு வா. அதில எடுத்தா ஆருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, அதுதான் எனக்கு வேணும். மொட்டையோட, எலும்போட, இப்ப இருக்கிற மாதிரியே எடு. நான் போனாப் பிறகு கழுவி அவளுக்கு மட்டும் குடு. ஒருத்தற்ற கண்ணிலயும் படக்கூடாது, சொல்லிப் போட்டன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாகப்போகிற அக்கா தன் கடைசிப் படத்தைக் கேட்கிறாள், எனக்கு வந்ததோ வெற்றி! பார்த்தீர்களா, கடைசியில் என் கமராவிடம்தானே வந்தீர்கள் என்று. பஸ் முழுக்க அந்த நினைப்போடுதான் வந்தேன். அதை இப்போது நினைக்க என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா தலைத்துணியைத் தானே கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு ஜன்னலோரக் கதிரையில் வந்து இருந்தாள். வெளிச்சம் பத்து மணி வரைக்கும் நன்றாக இருக்கும் என்று கணக்கிட்டு வேகமாக வேலை செய்தேன். ஐந்தடி, நாலடி, மூன்றடி. பக்கவாட்டில், நேரே, கைகள் மட்டும், முதுகு. முப்பத்தாறும் முடிந்தது. திரும்பச் சுற்றி, டிக் என்று கேட்டதும் நிறுத்தி, ரோலைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் அக்கா குனிந்து ஓங்காளித்தாள். ரோலை அதன் பிளாஸ்டிக் குப்பிக்குள் போட்டுக் கைப்பைக்குள் எறிந்துவிட்டு வாந்திப் பேசினை எடுக்க ஓடினேன். சத்தி எடுத்து முடிய ஒரு மணித்தியாலம். துடைத்து, உடுப்பு மாற்றி, படுக்க வைத்து, விரிப்பைக் கழுவிப் போட்டு வீட்டுக்கு வந்தேன். குப்பியை பிரிட்ஜுக்குள், பட்டர் வைக்கும் தட்டில், வேறு மூன்று புது ரோல் குப்பிகளோடு, இடப்பக்க ஓரமாக வைத்தேன். நாக்கை மடிக்கவில்லை. மடிக்கவில்லை என்பதே எனக்கு நினைவில்லை.

மூன்று கிழமையில் அக்கா போய்விட்டாள். பத்திரிகை அறிவித்தலுக்கும் பெட்டிக்குத் தலைமாட்டில் வைக்கவும் பழைய கடவுச்சீட்டுப் படத்தைப் பெருப்பித்துப் போட்டோம். அதில் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும், உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். வந்த சனம் "நல்ல வடிவான படம்" என்றது. மகள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்து, "சித்தி, அந்த ரோல்?" என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"அவசரப்படாதை பிள்ளை. பத்திரமா இருக்கு. நல்ல நேரம் பார்த்துக் கழுவுவம்."

இதில் என்ன நல்ல நேரம்? நான் தாமதித்ததற்குக் காரணம் வேறு. பிலிம் பைத்தியம் பிடித்த ஆட்களுக்கெல்லாம் இந்த வியாதி உண்டு, ஆனால் சொல்ல மாட்டார்கள். படத்தைவிட, இன்னும் கழுவாத ரோல்தான் எங்களுக்கு ருசி. உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்கு மட்டும் தெரியும், ஆனால் நாமும் காணவில்லை. அது கையில் இருக்கும்வரை விசயம் முடியவில்லை. பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குப்பியைப் பார்ப்பேன். அக்கா என்னிடம் இருக்கிறாள், மகளிடம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. ஆறு மாதம் இழுத்தடித்தேன். இடையில் இரண்டு நாள் மின்சாரம் போய் பிரிட்ஜ் முழுக்கத் தண்ணீர். எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்ப அடுக்கியதும் நான்தான். இடப்பக்க ஓரத்தில் இருப்பது அக்கா என்று அப்போதும் அடித்துச் சொல்லியிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் இளம் பிள்ளைகளின் கூட்டம் ஒன்று என்னைக் கண்டுபிடித்தது. பிலிம் திரும்ப வந்துவிட்டதாம். தாய் தகப்பனின் அலுமாரியிலிருந்து எடுத்த கமராக்களைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீதி வீதியாக நடக்கிறார்கள். ஒரு ரோல் விற்கிற விலைக்கு ஒரு குடும்பம் கிழமைச் சாப்பாடு சாப்பிடலாம், அதைப்பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. கூட்டத்தை நடத்துகிறவள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. நல்ல பிள்ளைதான், அவளில் ஒரு குற்றமும் இல்லை. "ஆன்ட்டி, நீங்க எங்களோட கொட்டாஞ்சேனைக்கு வரவேணும். நீங்கதான் எங்கட சீனியர்" என்றாள். ஓய்வுபெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. தலைகால் தெரியாமல் புறப்பட்டேன். பிரிட்ஜைத் திறந்து, நாக்கு மடிபடாமல் வெளியே நீட்டியிருந்த ஒரு ரோலை எடுத்து கமராவில் மாட்டினேன்.

தேவாலயத்தில் தொடங்கி ஜிந்துப்பிட்டிக் கோயில் வரைக்கும் நடந்தோம். நான் பிறந்த இடம், ஒவ்வொரு ஒழுங்கையும் எனக்குத் தெரியும். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள், நான் கொட்டி அளந்தேன். வெளிச்சத்தை இப்படிப் படிக்க வேண்டும், நிழலை இப்படி விட வேண்டும் என்று பெரிய வாத்தியாரம்மா மாதிரிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பூக்கடை, பழைய சுவர், மீன் வண்டில், கம்பிக் கதவு என்று கண்டதையெல்லாம் எடுத்தேன். யோசித்து எடுப்பவளாம்! இரண்டு மணித்தியாலத்தில் முப்பத்தாறும் முடிந்தது. அன்றைக்கு மிகக் கவனமாக நாக்கின் நுனியை மடித்தேன்.

நவம்பர் பிறந்ததும் அக்காவின் மகள் அழைத்தாள். "சித்தி, மரித்தோர் மாதம் வந்திட்டுது. கல்லறைக்குப் போக முதல் அம்மான்ர படத்தைத் தாங்கோ. எனக்கு இப்ப முகம் மறக்குது" என்றாள். அன்றைக்கே, நடையில் எடுத்த ரோலையும், தட்டின் இடப்பக்க ஓரத்தில் இருந்ததையும், குப்பியைத் திறந்துகூடப் பார்க்காமல், கொண்டுபோய்க் கழுவக் கொடுத்தேன்.

மறுநாள் பிலிம் கழுவும் லாப்காரர் கூப்பிட்டார். போனேன். ஒளிமேசையில் ஒரு ரோலை விரித்து வைத்திருந்தார். தொடக்கத்திலிருந்து கடைசி மட்டும் வெறுமை, ஓரத்து இலக்கங்கள் மட்டும்தான்.

"மிஸ், இது கமராவுக்குள் போகாத ரோல்" என்றார் சிங்களத்தில்.

அந்த மனிதரை நான் பேசின பேச்சு! மருந்தைப் பிழையாகக் கலந்துவிட்டீர்கள், கண் தெரியாவிட்டால் கடையை மூட வேண்டும், செத்தவளின் படம் தெரியுமா இது என்று கத்தினேன். அவர் மற்ற ரோலை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். "இதைப் பாருங்கள். இதில் எல்லாம் இரண்டு தரம் இருக்கிறது."

குனிந்து பார்த்தேன். மீன் வண்டிலுக்குள்ளே ஒரு காது. சுவருக்கு மேலே ஒரு தோள்பட்டை. வெயிலில் எடுத்த வீதி அக்காவைத் தின்றுவிட்டது. வானம் வந்த இடத்தில் அவள் இல்லை, வெள்ளைச் சுவர் வந்த இடத்தில் அவள் இல்லை. வீதியில் எங்கே நிழல் விழுந்திருந்ததோ அங்கே மட்டும், ஒரு கதவிடுக்கில், ஒரு கடையின் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே, அக்கா துண்டு துண்டாகத் தெரிந்தாள். முப்பத்தாறிலும் முழு முகம் ஒன்றுகூட இல்லை. ஐயோ மாதாவே என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. லாப்காரர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

கண்காட்சி ஒன்றுக்காக, நடையில் எடுத்த எல்லோருடைய ரோல்களையும் கணினியில் ஏற்றி, கூட்டத்தை நடத்தும் அந்தப் பெண்பிள்ளைக்கு அனுப்பும்படி லாப்காரரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார்கள். அவரும் அனுப்பிவிட்டிருந்தார். நான் வீட்டுப்படி ஏறும்போதே அவளுடைய அழைப்பு.

"ஆன்ட்டி! என்ன இது, நான் அப்பிடியே உறைஞ்சு போனன். வீதியும் ஒரு மனிசியும் ஒண்டுக்குள்ள ஒண்டு. நீங்க வேணுமெண்டுதானே செய்தனீங்கள்? கண்காட்சியில நடுச்சுவர் உங்களுக்குத்தான்."

ஒரு சொல் போதும். பிழை நடந்து போச்சு பிள்ளை, அது என் அக்கா, அதை அழித்துவிடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது, "ஓம், வேணுமெண்டுதான்."

"ஆர் ஆன்ட்டி அந்த மனிசி?"

"தெரிஞ்ச ஒரு ஆள்" என்றேன்.

கூடப் பிறந்தவளை. தெரிந்த ஒரு ஆளாம். ஒரு சுவருக்காக.

அன்றைக்கே மகளுக்கும் பொய் சொன்னேன். லாப்காரன் மருந்தைப் பிழையாகப் போட்டு ரோலைப் பழுதாக்கிவிட்டான் என்றேன். அவள் "சரி சித்தி" என்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் அவள் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு அந்த மனிதரிடம் போய்க் கடை வாசலில் நின்று அழுது ஏசியிருக்கிறாள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் மிஸ் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இதை அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார், குற்றம் சாட்டும் குரலில் கூட இல்லை.

ஒரு கிழமை சென்றிருக்கும். கண்காட்சிக்கு ஆள் சேர்க்க அந்தப் பெண்பிள்ளை என் படங்களில் ஒன்றைத் தங்கள் பக்கத்தில் போட்டாள். ஜிந்துப்பிட்டியில் மூடிக் கிடந்த ஒரு கடை. கதவின் இருட்டுக்குள் அக்காவின் மொட்டைத் தலையும் ஒரு கண்ணும். கீழே நகரத்தின் ஆன்மா என்று என்னவோ எழுதி, என் பெயரும் போட்டிருந்தது. நூற்றுக்கணக்கில் இதயங்கள் விழுந்திருந்தன. கொட்டாஞ்சேனைப் படம் என்று கப்பல் கம்பனியில் யாரோ ஒருத்தர் அதை மற்றவர்களுக்கு அனுப்ப, அது கை மாறி மாறி அக்காவின் மகளிடமே வந்து சேர்ந்தது. கண்ணை வைத்தே தாயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் அதுவரை அந்தப் பதிவைக் கண்டிருக்கவில்லை. அங்கேயே நின்று பெண்பிள்ளைக்கு அழைத்துக் கத்தினேன். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பயந்துபோய் மன்னிப்புக் கேட்டு உடனே எடுத்துவிட்டாள். யார் யாருடைய போனில் அது போய்க் கிடக்கிறதோ, அதை யார் எடுப்பது?

பிறகு இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கு மடிக்காதது, பிரிட்ஜ், நடை, கண்காட்சி, லாப்காரரின் மேல் போட்ட பழி, தெரிந்த ஒரு ஆள் என்று சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. ஏசட்டும், அடிக்கட்டும் என்று இருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நல்லது. அவள் ஏசவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர போனில இருந்ததில அம்மா சிரிச்சுக்கொண்டு இருந்தவ" என்றாள். "குப்பையில இருந்தும் அழிக்கச் சொன்னீங்கள்."

"ஓம்."

"ஒரு கிழமை விட்டிருந்தா, நான் திருப்பி எடுத்திருப்பன்."

"தெரியும் பிள்ளை."

பிளேன் ரீ ஊற்றிக் கொண்டுவந்தேன். அவள் தொடவில்லை. நான் நெகட்டிவ்களை எடுத்து வந்து ஜன்னலில் பிடித்து, இதில் இந்த மூலையில் அம்மாவின் கை தெரிகிறது, இதில் நெற்றி தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினேன். எது என்ன தூரம், ஜன்னல் எந்தப் பக்கம், எத்தனையில் ஒரு பங்கு வினாடி என்றெல்லாம் எனக்கு அச்சொட்டாக நினைவிருந்தது. வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"படம் போனாப் போகட்டும் சித்தி. நீங்க அண்டைக்குக் காலமை முழுக்க அம்மாவோட இருந்தனீங்கள்தானே. எனக்குத்தான் அந்தப் படமெண்டு அம்மாவுக்குத் தெரியும். எனக்கு ஏதாவது சொல்லியிருப்பா. என்ன கதைச்சவ? அதையாவது சொல்லுங்கோ."

நெகட்டிவை மேசையில் வைத்தேன். அக்கா கதைத்தாள். கதிரையில் வந்து இருந்ததும் தொடங்கினாள், மகளின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினாள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

"கதைக்க வெளிக்கிட்டவ பிள்ளை. வாய் அசைஞ்சா படம் கலங்கும். அதால கதையாதை அக்கா எண்டு நான்தான் சொன்னனான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தினை படத்துக்கு அப்பிடிச் சொன்னீங்கள்?"

"எல்லாத்துக்கும்" என்றேன்.